நீந்தி வந்த கருவாடு

எந்த வருஷம் என்பது சரியாக நினைவில்லை; வெள்ளத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டால் காசிமேட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் கப்பலில் போன நெத்திலிக் கருவாடு கடலில் நீந்தியே ராயபுரத்துக்குத் திரும்பியதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அனுப்பியவர் ஜெபசிங், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ராயபுரத்தில் இருந்த அவருடைய கொட்டகையில் பெட்டிக்கு முகம் வைப்பது கெங்கம்மாவின் வேலை. மின்னுகிற பெரிய மீன்களை மேலே ஒரே திசையில் அடுக்குவாள். அடியில் ரோட்டோரம் காய்ந்து மண்ணும் எண்ணூர் நிலக்கரித் தூசியும் ஒட்டிய நொறுங்கல். அவள் வைத்த முகத்தைக் கலைக்க யாருக்கும் மனசு வராது. அந்த முறை துறைமுக வாசலில் நாள்கணக்காக நின்ற லாரி வரிசையிலேயே சரக்கு வியர்த்துப் புழுத்தது. வெளிநாட்டில் ஓர் அதிகாரி பெட்டியின் அடிவரை கைவிட்டுப் பார்த்து, மொத்தத்தையும் கடலில் கொட்டச் சொன்னார்.

ஜெபசிங் டாலரைத் திட்டினார், லாரி வரிசையைத் திட்டினார், போட்டி நாட்டுக்குக் கிடைத்த வரிச்சலுகையைத் திட்டினார். கொட்டகையை மூடப்போவதாகச் சொன்னார். கெங்கம்மாவின் மகள் மகிழினிக்கு நர்சிங் படிப்பில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது.

அந்த வாரம்தான் கருவாடு வந்தது. கண் வெளுத்து, புழு நெளிய, பெட்டி பெட்டியாக அணிவகுத்து நீந்தி வந்தது; பெட்டிதான் இல்லை. மேலே பெரியது, கீழே நொறுங்கல். நாற்றம் தாங்காமல் காக்கைகள் கொருக்குப்பேட்டைக்குக் குடிபோயின.

"முதலே போடாத சரக்குல்லா! அள்ளுங்க" என்றார் ஜெபசிங்.

"இன்னா மொதலாளி, கலீஜா கீது. புழு நெளியுது பாரு" என்றாள் கெங்கம்மா.

"புழுவ உதறிட்டு முகம் வையும்மா. வேற தேசத்துக்கு அனுப்புவோம். இல்லன்னா நாளைக்கே பூட்டுதான்."

"எவனாச்சும் துன்னு செத்துட்டான்னா?"

"எவன் திங்கான்? அதான் நீந்தி வந்துருதுல்லா."

கெங்கம்மா கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, முகம் வைத்தாள். பழைய அழகு குறையாமல் வந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் குமட்டியது.

பிறகு அந்தக் கருவாடு ஒவ்வொரு நாடாகப் போனது, ஒவ்வொரு நாடும் கொட்டியது, ஒவ்வொரு முறையும் திரும்பியது. வெளியே போகும் சரக்குக்கு ஊக்கத்தொகை உண்டு. நீந்தி உள்ளே வருவதை எழுத எந்த அலுவலகத்திலும் இடமில்லை. ஆகவே ஏற்றுமதி ஏறிக்கொண்டே போனது.

ஜெபசிங் இப்போது ஏற்றுமதியாளர் சங்கத் தலைவர். மகிழினி நர்சாகி பெரம்பூரில் இருக்கிறாள். புழு உதறிய அம்மாவின் கையால் சோறு வாங்குவதில்லை. கெங்கம்மா அதே கொட்டகையில் முகம் வைக்கிறாள். கருவாடு இன்று கடலில் இருக்கிறது. அடுத்த வாரம் கரை சேரும்.