அட்டையில் ‘நிரம்பியது’ என்று இருந்தது

தேர்வுக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது. சுவாச சிகிச்சையில் மேல்நிலை உரிமத்துக்கான தேர்வு. எழுத்துத் தாளை அவள் முதல் முறையிலேயே தாண்டிவிட்டாள். கம்ப்யூட்டரில் வரும் கற்பனை நோயாளிகள்தான் இரண்டு தடவை அவளைக் கவிழ்த்துவிட்டார்கள். திரையில் ஒரு நோயாளி வருவார். எதைப் பார்க்க வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு தடவை அழுத்தினால் அழுத்தியதுதான், மாற்ற முடியாது. அவள் எக்ஸ்ரே பார்ப்பாள், ரத்தப் பரிசோதனை பார்ப்பாள், இன்னும் ஒன்றையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பாள். அதற்குள் திரையில் இருப்பவருக்கு மூச்சு நின்றுபோகும். மதிப்பெண்ணும் அவரோடு போகும்.

“அண்ணி, அந்த ஆளு உங்ககிட்ட குசலம் விசாரிக்கவா வந்திருக்காரு? மூச்சு முட்டுதுன்னு வந்திருக்காரு. ரெண்டு விஷயம் பாருங்க, உடனே கையை வைங்க” என்பாள் நாத்தனார்.

நாத்தனார் அவள் கணவனின் தங்கை, ஆறு வயது இளையவள். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே தீவிர சிகிச்சைப் பிரிவு. முதல் முயற்சியிலேயே தேறி இப்போது ஷிஃப்ட் பொறுப்பாளராக இருந்தாள். வீட்டில் மரியாதை அண்ணிக்கு, ஆஸ்பத்திரியில் அதிகாரம் தங்கைக்கு. இரண்டையும் கலக்காமல் இத்தனை நாள் ஓட்டிவிட்டார்கள்.

பதினோரு வருடமாக வென்டிலேட்டர்களோடு மாரடித்த அண்ணிக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் ‘மூச்சம்மா’. வருடக் கடைசிக்குள் மேல்நிலை உரிமம் வாங்காதவர்கள் பொது வார்டுக்குப் போக வேண்டும் என்று புதிதாக உத்தரவு வந்திருந்தது. அதற்குள் நடக்கப்போகும் கடைசித் தேர்வு இதுதான்.

அன்று மதியம் ஏழாம் படுக்கைக்காரரை ஸ்கேனுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பெயிண்ட் அடிப்பவர். சாரத்திலிருந்து விழுந்து விலா எலும்புகள் உடைந்து, அதன்மேல் நுரையீரலில் நிமோனியாவும் சேர்ந்து, ஒரு வாரமாக வென்டிலேட்டரில் கிடந்தார். மூச்சம்மா கையடக்க வென்டிலேட்டரை மாட்டினாள். ஒரு சிலிண்டர் ஓட்டத்தில், இன்னொன்று தள்ளுவண்டியின் அடித்தட்டில். அடித்தட்டில் இருந்ததன் கழுத்தில் ‘நிரம்பியது’ என்ற பச்சை அட்டை தொங்கியது. வாயைத் திறந்து அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பதினோரு வருடமாக அப்படித்தான் செய்திருக்கிறாள். அன்றைக்கு அவள் மனம் தேர்வுப் பாடத்தின் பதினான்காம் அட்டவணையில் இருந்தது. அட்டையைப் பார்த்தாள், தலையசைத்தாள், கிளம்பிவிட்டாள்.

ஸ்கேன் அறையில் கூட்டம். இருபது நிமிட வேலை ஐம்பது நிமிடமாக இழுத்தது. திரும்பும்போது லிஃப்டில் நான்கு பேர்: நோயாளி, அவள், ஒரு நர்ஸ், வண்டி தள்ளுபவர். வண்டிக்காரருக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பட்டம். அவர் வேகமாகத் தள்ளி யாரும் பார்த்ததில்லை.

இரண்டாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. விளக்கு அணைந்து மங்கலாக வேறொன்று எரிந்தது. எக்ஸ்பிரஸ் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தார். சுவரில் இருந்த போனை எடுத்தாள் மூச்சம்மா.

“ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கிறோம். உள்ள வென்டிலேட்டர் நோயாளி இருக்காரு.”

“மெக்கானிக் பக்கத்து கட்டடத்துல இருக்காரும்மா. வந்து மூணாவது மாடிக்கு ஏத்த இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்” என்றது போன்.

ஓடிக்கொண்டிருந்த சிலிண்டரின் முள் அறுநூறில் இருந்தது. அது கவலையில்லை, இன்னொன்று இருக்கிறதே என்று குனிந்து அடித்தட்டுச் சிலிண்டரின் வாயைத் திருகினாள். முள் அசையவில்லை. இன்னும் திருகினாள். பூஜ்யத்திலேயே நின்றது. பச்சை அட்டை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

விரலால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா?” என்றாள் நர்ஸ்.

“காலி.”

எக்ஸ்பிரஸ் குனிந்து முள்ளைத் தானும் ஒரு தடவை பார்த்தார்.

இந்த அளவுச் சிலிண்டரில் அறுநூறு என்றால் நூற்று எழுபது லிட்டர்கூட இல்லை. பயணத்துக்காகச் சுத்தமான ஆக்சிஜனில் வைத்திருந்ததால் வென்டிலேட்டர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் குடித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் பதினான்கு நிமிடம். மெக்கானிக் வருவதற்குள் தீர்ந்துவிடும். பிறகு கையால் பலூனை அழுத்தி வெறும் காற்றைத்தான் கொடுக்க முடியும். வெறும் காற்று இந்த நுரையீரலுக்குப் போதாது.

வென்டிலேட்டரில் வெளிக்காற்றைக் கலக்க ஒரு திருகு உண்டு. அறுபது சதவீதத்துக்கு இறக்கினால் செலவு பாதியாகும். ஆனால் படுக்கையிலேயே எழுபது தேவைப்பட்ட மனிதர் அவர். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், எவ்வளவு இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டு முடிப்பதற்குள் இரண்டு நிமிடம் போகும், இருபத்தைந்து லிட்டர் போகும்.

அவள் திருகை இறக்கினாள். பிறகுதான் நர்ஸிடம், “ஐசியூவுக்கு போன் போடு. அறுபதுக்கு இறக்கிட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லு. யாரையாவது சிலிண்டரோட மூணாவது மாடியில நிக்கச் சொல்லு” என்றாள்.

விரலில் மாட்டிய கருவி ரத்த ஆக்சிஜனைத் தொண்ணூற்றாறு என்று காட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூற்று மூன்றானது. தொண்ணூறு. எண்பத்தொன்பது.

“அக்கா, தொண்ணூறுக்குக் கீழ போயிடுச்சு. கொஞ்சம் ஏத்துங்களேன்.”

“எண்பத்தெட்டு வரைக்கும் தாங்குவாரு. இப்ப ஏத்தினா அப்புறம் ஒண்ணுமே இருக்காது.”

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கழுத்தில் வியர்வை இறங்கியது. அடைத்த பெட்டிக்குள் மருந்து வாடையும் நான்கு பேரின் மூச்சும் சேர்ந்து புழுங்கியது.

ஒன்பதாவது நிமிடம் நோயாளி விழித்துக்கொண்டார். இருமினார், குழாயைக் கடித்தார். வென்டிலேட்டர் அலறத் தொடங்கியது. எண் எண்பத்தாறுக்கு விழுந்தது. அவர் கை குழாயைத் தேடி மேலே வந்தது.

“அண்ணே, கையைப் பிடிங்க. நோகாம பிடிங்க.”

எக்ஸ்பிரஸ் அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். நர்ஸ் மயக்க மருந்தை ஏற்றினாள். மருந்து வேலை செய்ய ஒரு நிமிடமாவது ஆகும். மூச்சம்மா நோயாளியின் காதருகே குனிந்தாள்.

“ஐயா, லிஃப்ட் நின்னிருக்கு. அவ்வளவுதான். மூச்சை மெஷின் பாத்துக்கும், நீங்க மல்லுக்கட்டாதீங்க. நான் இங்கயேதான் நிக்கிறேன்.”

அவர் கேட்டாரோ இல்லையோ, கடி தளர்ந்தது. அலறல் நின்றது. எண் மெல்ல எண்பத்தெட்டுக்கு ஏறி அங்கேயே உட்கார்ந்தது. மூன்று பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்நூறு. இருநூறு. சிவப்புக் கோட்டுக்குள் முள் நுழைந்த பிறகு, இருபத்திரண்டாவது நிமிடத்தில், லிஃப்ட் மெதுவாக ஏறியது. கதவு திறந்தபோது நாத்தனார் புதுச் சிலிண்டரைத் தரையில் நிறுத்தி, அதன் வாயைத் திறந்து முள்ளைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பெயிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவர் ஆக்சிஜனில் மாட்டிய ஐந்தாவது நிமிடமே எண் தொண்ணூற்றைந்துக்கு வந்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்துச் சம்பவப் படிவத்தோடு ஓய்வறையில் உட்கார்ந்தாள். நாத்தனார் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“லிஃப்ட் நின்னுச்சு, ஆக்சிஜன் அளவைக் குறைச்சு சமாளிச்சேன்னு எழுதுங்க அண்ணி. அது பொய் இல்லையே.”

“ரெண்டாவது சிலிண்டர்?”

“அதை ஸ்டோர்ல நானே பேசிக்கிறேன். நீங்க எழுதினா விசாரணை வரும். விசாரணை இருந்தா நாளைக்கு உங்களைத் தேர்வுக்கு அனுப்புற கடிதத்துல ஆஸ்பத்திரியில கையெழுத்து போட மாட்டாங்க. அடுத்த தேர்வுக்கு மூணு மாசம். அதுக்குள்ள பொது வார்டுக்குத் தூக்கிடுவாங்க. யோசிங்க.”

அவள் யோசிக்கத்தான் செய்தாள். பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். ஸ்டோரில் இன்னும் எத்தனை பச்சை அட்டைகள் காலிச் சிலிண்டர்களின் கழுத்தில் தொங்குகின்றனவோ என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்த பிறகு வேறு வழி இருக்கவில்லை.

‘இரண்டாவது சிலிண்டரின் வாயைத் திறந்து பார்க்காமல் அட்டையை நம்பிக் கிளம்பினேன். அது காலியாக இருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நாத்தனார் படித்தாள். “உங்க இஷ்டம்” என்றாள். படிவத்தை எடுத்துக்கொண்டு போனவள், அதன் பிறகு ஒரு மாதம் வேலை விஷயம் தவிர வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அண்ணனிடம் மட்டும் பேசிவிட்டுப் போவாள். நடுவில் மாட்டிக்கொண்ட கணவன், “ரெண்டு பேருக்கும் நான் ஒரு வென்டிலேட்டர் மாதிரி ஆயிட்டேன்” என்று அலுத்துக்கொண்டான்.

நாத்தனார் சொன்னபடியே எல்லாம் நடந்தது. கடிதம் வரவில்லை, தேர்வு போனது. விசாரணையில் எழுத்துமூலம் எச்சரிக்கை கிடைத்தது. ஸ்டோரைச் சோதித்தபோது பச்சை அட்டையோடு இன்னும் நான்கு காலிச் சிலிண்டர்கள் அகப்பட்டன. புது வருடம் பிறந்ததும் மூச்சம்மா பொது வார்டில் ஆவி பிடிக்கும் கருவிகளோடு படுக்கை படுக்கையாக நடந்தாள். பெயிண்டர் அதற்கு முன்பே குழாய் எடுத்து வீட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவிக்கு லிஃப்டில் நடந்ததை அவளே சொன்னாள். “நல்லவேளை, சொன்னீங்க” என்றாள் அந்த அம்மாள். அது கோபமா நன்றியா என்று கடைசிவரை புரியவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தேர்வு எழுதினாள். திரையில் வந்த நான்காவது நோயாளி ஆஸ்துமாக்காரி. இரண்டு விஷயம் பார்த்தாள், சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தாள். சரியா தப்பா என்று திரை சொல்லவில்லை, அடுத்த கேள்விக்குப் போனது. உள்ளங்கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேலே போனாள்.

முடிவுத்தாளோடு வெளியே வந்தபோது படிக்கட்டில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். விடுப்பு போட்டு வந்ததாக யாரிடமும் சொல்லவில்லை.

“என்னாச்சு அண்ணி?”

“தேறிட்டேன். நாலு மார்க் வித்தியாசத்துலதான்.”

நாத்தனார் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“எழுதாம விட்டுடலாம்னு எனக்கும் ஆசை வந்துச்சும்மா. பேனாவை மூடிட்டேன் தெரியுமா?” என்று சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.