மேடம் ஊதாத விசில்

கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர் ஒருத்தி, மைதானத்தின் வடக்குக் கோலில் இருபத்தாறு வருஷம் நின்றாள். நிற்க ஆரம்பித்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது; நின்று முடித்தபோதும் அதே பத்தொன்பதுதான். ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. பேச்சு வந்தாலும், அந்தக் கோலுக்கு முன்னால் மட்டும் புல் ஏன் தேயவில்லை என்பதில்தான் வந்து நிற்கும்.

நடந்தது இவ்வளவுதான். எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் பயிற்சியாளர் அப்போது தற்காலிக வேலையில் இருந்தார். கறார் பேர்வழி. "என் விசில் சத்தம் கேக்காம ஒருத்தியும் கோட்டைத் தாண்டக் கூடாது" என்பது சேர்ந்த அன்றே அவர் போட்ட சட்டம். அவசரமாகப் பாத்ரூம் போன ஒருத்தியை மாசம் முழுக்கப் பந்து பொறுக்க விட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலம், பனிமூட்டம் வடக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அலுவலகப் பியூன் ஓடி வந்து முதல்வர் கூப்பிடுகிறார் என்றான். மேடம் போனார். வேலை நிரந்தரம், இனி நீங்கள்தான் தலைமைப் பயிற்சியாளர் என்று முதல்வர் சொன்னார். மேடத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கழுத்தில் விசில் தொங்க, நேரே வீட்டுக்குப் போய் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். மைதானத்தில் இருந்த பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நழுவினார்கள். வடக்குக் கோலில் பனிக்குள் நின்றவளிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நெடுநெடுவென்று வளர்ந்தவள், ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒட்டடைக்குச்சி நல்ல பெண், சொன்ன சொல் தட்டாதவள். அதுதான் வினையாய்ப் போயிற்று.

மறுநாள் காலை அவள் அப்படியே நின்றாள். தலைமுடியில் முந்தின சாயங்காலத்துப் பனி காயவில்லை. அம்மா வந்து கூப்பிட்டாள், மாமா வந்து அதட்டினார். இரண்டு பேராகச் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். கோடு வரைக்கும் இலேசாக வந்தவள், கோட்டருகே வந்ததும் கல்லாய்க் கனத்தாள். மைதானக்காரர் தன் பையிலிருந்த விசிலை எடுத்து ஊதினார். அவள் சிரித்துவிட்டாள்.

"நீங்க மேடம் இல்லையே அண்ணே."

மேடம் வந்தார். விசிலை உதடு வரைக்கும் கொண்டுபோகவும் செய்தார். அந்த நேரம் பார்த்து அணியின் முன்னணி ஆட்டக்காரி விளையாட்டாக ஒரு பந்தை அடிக்க, ஒட்டடைக்குச்சி பறந்துபோய் அதை விரல் நுனியால் தள்ளிவிட்டாள். அப்படி ஒரு தடுப்பை மேடம் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அந்த வாரக் கடைசியில் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி. அவளால் போட்டிக்கு வர முடியாதுதான். ஆனால் அவளுக்கு எதிரே அடித்துப் பழகுகிறவர்களுக்கு வேறெந்தக் கோல்கீப்பரும் தூங்கி வழிகிறவளாகத்தான் தெரிவாள். மேடம் விசிலை இறக்கினார்.

"ஃபைனல் முடியட்டும்மா. முடிஞ்சதும் ஊதிடறேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"இன்னும் எவ்வளவு நேரம் மேடம்?" என்று வடக்குக் கோலிலிருந்து குரல் வந்தது.

"கொஞ்ச நேரம்தான்டா."

அந்த வருஷம் கோப்பை வந்தது. அடுத்த வருஷமும் வந்தது. அதன்பிறகு வராமல் போன வருஷங்களை எண்ண ஒரு கை போதும். கோப்பை அலமாரி நிறைந்து, முதல்வர் அறையில் குடை வைக்கும் இடம்கூடப் போயிற்று. மேடம் அதன்பிறகு பயிற்சி முடிய விசில் ஊதுவதையே விட்டுவிட்டார். கை தட்டுவார், பெண்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். தொண்டைக்கு நல்லதில்லை என்று டாக்டர் சொன்னதாகக் காரணம் சொன்னார். விசில் ஊதத் தொண்டை எதற்கு என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. கல்லூரி நிர்வாகமோ, வகுப்புக்கு வரவில்லை என்று ஒட்டடைக்குச்சியைப் பெயர் நீக்கியது. கல்லூரியை விட்டு ஓர் அடிகூட நகராத ஒரே மாணவி அவள்தான் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை.

பத்து வருஷம் போனபின் மேடத்துக்கு வேறு பயம் வந்தது. இப்போது ஊதினால், விட்டுப்போன வயதெல்லாம் ஒரே நேரத்தில் அந்தப் பெண் மேல் விழுந்துவிட்டால்? இந்தப் பயம் உண்மைதான். கோப்பை ஆசையும் உண்மைதான். எது எவ்வளவு என்று கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. இதற்கிடையில் அவரிடம் ஆடிவிட்டுப் போன பெண்கள், எங்கெங்கோ வேலையிலும் குடும்பத்திலும் இருந்தவர்கள், ஒரே மாதிரி சொன்னார்கள்: சாயங்காலமானால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, கால் பரபரக்கிறது, யாரோ எதையோ சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டே இருப்பது போலிருக்கிறது. வங்கியில் வேலை பார்த்த ஒருத்தி நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டாள். டாக்டர்கள் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

ஒட்டடைக்குச்சிக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள். முதல் நாள் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். "இப்பத்தான்டி சாப்பிட்டேன், பசியே இல்ல. கொஞ்சம் லேட்டாகும்னு அம்மாகிட்ட சொல்லிடு" என்று அக்கா திருப்பி அனுப்பினாள். ஒவ்வொரு தடவையும் அதே பேச்சுதான். தங்கை கல்லூரி முடித்து வந்தாள், தாலி கட்டிக்கொண்டு வந்தாள், வயிற்றுப் பிள்ளையோடு வந்தாள். அக்காவுக்கு அது எல்லாமே ஒரே சாயங்காலம். இந்தச் சின்னது ஏன் இன்றைக்கு இத்தனை தடவை வந்து தொந்தரவு பண்ணுகிறது என்று மட்டும் கொஞ்சம் சலித்துக்கொள்வாள். பிறகு அம்மா படுக்கையில் விழுந்தாள். கடைசிவரை வாசல் கதவைத் தாழ்போட விடவில்லை. அம்மாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்த மறுவாரம், தங்கை கண்ணெல்லாம் வீங்கி, முன்நெற்றியில் நரையோடு, பழைய டப்பாவைத் தூக்கிக்கொண்டு கோலடிக்குப் போனாள்.

ஒட்டடைக்குச்சி அவளைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"ஐயோ அம்மா, நீங்க ஏன் இந்தப் பனியில வந்தீங்க? தங்கச்சிகிட்ட சொல்லி அனுப்பினேனே. இதோ, மேடம் ஊதினதும் வந்துடுவேன்."

தங்கை திருத்தவில்லை. "சரிம்மா, சீக்கிரம் வா" என்று சொல்லி, அவள் நெற்றியிலிருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, நேரே மேடத்திடம் போனாள். மேடத்துக்கு அது ஓய்வு பெறும் வாரம்.

"அவ என்னை அம்மான்னு கூப்பிட்டுட்டா மேடம். அடுத்தது என்னைப் பாத்து யாருன்னு கேப்பா. அதுக்கு முன்னாடி ஊதிடுங்க."

"அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆனா ஆகட்டும். வீட்டுல வெச்சு ஆகட்டும்."

மேடம் மைதானத்துக்கு நடந்தார். பக்கக் கோட்டுக்கு உள்ளே, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று, நீளமாக ஒரு விசில் ஊதினார். அந்த நேரத்தில் வெவ்வேறு ஊர்களில் பல பெண்கள் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, அப்பாடா என்று தரையில் உட்கார்ந்தார்கள். வங்கிக்காரி வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டாள். வடக்குக் கோலில் பனி விலகிற்று. ஒட்டடைக்குச்சி கிளவுசைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு வயதும் அவள் மேல் விழவில்லை. மேடம் விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் அதற்குள், "பசிக்குது மேடம், வரேன்" என்று சொல்லிக் கோட்டைத் தாண்டிவிட்டாள்.

மேடமும் கிளம்பத்தான் பார்த்தார். கோட்டருகே வந்ததும் கால் எழும்பவில்லை. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவருக்கு, விசிலும் கைமாறிய பிறகு, யார் ஊதுவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

வீட்டு வாசலில் கதவு திறந்தே இருந்தது. ஒட்டடைக்குச்சி முதலில் அம்மாவின் கட்டிலைப் பார்த்தாள், பிறகு சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள், கடைசியில் தங்கையைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அழுத அழுகை தெருமுனை வரை கேட்டது. மைதானக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து நின்றார். பிறகு அவள் குளித்தாள், சாப்பிட்டாள், படிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். தங்கையைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். தூக்கக் கலக்கத்தில் மட்டும் அம்மா என்பாள். சில வருஷத்தில் அந்தக் கல்லூரிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனாள்.

அவளுடைய அணி தோற்பதே இல்லை. பக்கக் கோட்டில் நிற்கும் மேடத்தின் கண் தன் மேலே இருக்கும்போது எந்தப் பெண்ணுக்கும் சோம்பல் வருவதில்லை என்கிறார்கள். மைதானக்காரர் சுண்ணாம்புக் கோடு போடும்போது அவர் செருப்பில் படாமல் வளைத்துப் போட்டுவிட்டுப் போகிறார். தங்கைதான் அவ்வப்போது குடையும் போர்வையும் கொண்டுவருகிறாள்.

"போதும்க்கா, ஊதிடு. பாவம்."

"ஊதறேன்டி. இந்த வாரம் ஃபைனல் இருக்கு."

பயிற்சி முடிந்து அவள் கை தட்டும்போதெல்லாம் மேடம் பக்கத்திலிருந்து கேட்பார், இன்னும் எவ்வளவு நேரம்மா என்று. கழுத்தில் தொங்கும் விசிலை அவள் ஒரு கையால் பிடித்துக்கொள்வாள்.

"கொஞ்ச நேரம்தான் மேடம்."

"சரிம்மா" என்று மேடம் தலையாட்டுவார். அவருக்கு அது வேலை நிரந்தரமான அந்தச் சாயங்காலம்; அக்காவிடம் நல்ல செய்தி சொல்லப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே அவசரம்.