நின்றவரின் சாட்சி

1

இந்தக் கதை கிடைத்த இடத்தை மறைக்கப் போவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசனவாய் நோய்கள் பார்க்கும் டாக்டர் மகாலட்சுமியின் வரவேற்பறை அது. நாற்காலிகள் எல்லாம் காலி. வந்தவர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம்.

(ஆம், நானும்தான். எனக்கு மூலம். உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு வேறென்ன வரும்? இந்த வியாதிக்கு ராஜபாளையத்துக்காரர்கள் இங்கே வருவார்கள், இந்த ஊர்க்காரர்கள் அங்கே போவார்கள். தெரிந்த முகம் எதிரே வந்துவிடக் கூடாது. நான் உள்ளூர்க்காரன். சோம்பேறித்தனம்.)

பக்கத்தில் நின்றவர் ராஜபாளையத்து நூற்பாலை சூப்பர்வைசர். அவருக்குச் சத்தியநேசன் என்று பெயர் வைக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'சத்தியநேசனின் உள்ளத்தை இனம்புரியாத வேதனை ஒன்று…'

அடித்துவிட்டேன். இடம் நன்றாகத் தெரிந்த வேதனை அது. மலம் கழிக்கும்போது கத்தியால் கீறுவதுபோல் வலி, பின்பு மணிக்கணக்கில் எரிச்சல், சொட்டுச் சொட்டாக ரத்தம். புற்றுநோய் என்று அவரே முடிவு செய்துகொண்டார். கழிவறைக்குப் பயந்து சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்தார். மலம் இன்னும் இறுகியது. உட்கார முடியாமல் வேதக்கோவிலில் கடைசிச் சுவரோரம் ஆராதனை முழுக்க நின்றார்.

அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள். சாப்பிடாததை உபவாசம் என்றது சபை. நின்றதை, ஆவியானவர் தந்த எழுப்புதல் என்றது. இத்தனை வருடம் அவரைக் கண்டுகொள்ளாத சபைச் செயலாளர் பொன்னுராஜ் வீடு தேடி வந்தார்.

"அண்ணாச்சி, குருத்தோலை ஞாயிறு நீங்கதான் மேடையேறி, கர்த்தர் உங்களுக்குச் செஞ்சதச் சாட்சி சொல்லணும். சபையே உங்களப் பாத்துக்கிட்டு இருக்கு."

3

சத்தியநேசனின் மனைவி ரோசம்மாள்மேல் எனக்குச் சந்தேகம். ஒரே வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாமலா போகும்? ரத்தக்கறை தெரியாதிருக்க அவர் தன் வேட்டியைத் தானே அலசினார். அதையும் அவள் தாழ்மை என்று எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில், "அவிய நிக்கிறதப் பாத்துத்தான் எனக்கே ஜெபம் வருது" என்றாளாம். சந்தேகத்தை விட்டுவிட்டேன். நம்ப ஆசைப்படுகிறவளை எழுத்தாளன் என்ன செய்ய முடியும்?

4

டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "கேன்சர் இல்லய்யா. மூலமும் இல்ல, பௌத்திரமும் இல்ல. ஆசனவாயில சின்ன வெடிப்பு. இதுக்கா பட்டினி கெடந்தீக?"

நிறையத் தண்ணீர், கீரை, பழம். முக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் செத்த நேரம் உட்கார வேண்டும். ஒரு களிம்பு. பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும், ஆறாவிட்டால் மட்டுமே அறுவை. ரத்தம் வந்தால் யாரும் தானாக முடிவுகட்டாமல் வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

வெளியே வந்து அவர் அழுதார். பிழைத்துவிட்ட சந்தோஷம். உடனே ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

5

முடிவு ஒன்று: கர்த்தர் நல்லவர் என்று பொதுவாகப் பேசிவிட்டு இறங்குகிறார். புண் ஆறுகிறது. உட்காருகிறார். விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டார் என்கிறது சபை.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார். வாலிபர் பக்கம் சிரிப்பு. ரோசம்மாள் முக்காட்டை இழுத்து…

(இதை எழுதக் கை வரவில்லை. பாவம் அவள்.)

இரண்டையும் தூக்கிப் போட்டேன். ஏனென்றால் சாட்சி சொல்ல ஏறி நின்றவர் ஒன்றைப் பார்த்துவிட்டார். கடைசிச் சுவரோரம், அவருடைய இடத்தில், வேன் ஓட்டும் பெனின் நின்றிருந்தான். இளைத்திருந்தான். அவரைப் பார்த்து நிற்கப் பழகியவன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஆனால் அவன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். உட்கார முடியாதவனின் அந்த நிலை சத்தியநேசனுக்குத் தெரியும்.

பெண்கள் பக்கம் ரோசம்மாள் பெருமையோடு தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவர் மைக்கைப் பிடிக்கிறார்.

"நான் இத்தன நாளு எதுக்கு நின்னேன்னா…"

6

மிச்ச வாக்கியத்தை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் முடித்துவையுங்கள். ரோசம்மாளையும் பாருங்கள், பெனினையும் பாருங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை நீங்கள் உட்கார்ந்துதானே படிக்கிறீர்கள்?