உடம்புச் சூடு

பாம்புக் காப்பகத்தின் காப்பாளருக்கு, மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று உடம்புச் சூடு நின்றுபோனது. வாயில் தெர்மாமீட்டர் வைத்தால் அறையின் வெப்பம் எவ்வளவோ அவ்வளவுதான் காட்டியது. டாக்டர் தெர்மாமீட்டரை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போய், சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். காப்பாளர் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. மறுநாளே வேலைக்கு வந்தார். ஜன்னலோர வெயிலில் கொஞ்சநேரம் காய்ந்த பிறகே கைகால் அசைந்தன. ஊழியர்கள் இதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். வெளியூரில் வேலை பார்த்த மகளால்தான் பழக முடியவில்லை. வாரம் தவறாமல் வந்து அவரைத் தொட்டுப் பார்ப்பாள். இரும்புக் குழாயைத் தொட்டது போலிருக்கும். அம்மாவோடு அப்பாவும் போய்விட்டார் என்று அவளுக்குப் பயம்.

காப்பகத்தில் ஒரு ஜோடி மலைப்பாம்புகள் இருந்தன. ஜோடி என்பது பெயர்ப்பலகையில் எழுதியிருந்ததோடு சரி. அவற்றைச் சேர்த்துவைக்கக் காப்பாளர் பல வருடங்களாகப் படாத பாடு பட்டிருந்தார். குளிர்காலத்தில் அறையின் சூட்டை மெல்ல இறக்கி, இரண்டையும் பிரித்து வைத்து, ஆண் சட்டை உரித்ததும் அதைப் பெண்ணின் அறைக்குத் தூக்கிப் போவார். கடித்துக்கொள்ளுமோ என்ற கவலையில் தனியே விடவும் மனம் வராது. அவையோ ஒன்றையொன்று ஏறிட்டும் பார்க்காமல், கதவருகே நிற்கும் அவரையே முறைத்துக்கொண்டிருக்கும். மலைப்பாம்பின் உதட்டோரம் சூட்டை உணரும் குழிகள் உண்டு. மனிதச் சூடு பக்கத்தில் இருக்கும்போது அவற்றுக்குக் கல்யாண நினைப்பு எங்கிருந்து வரும்?

அந்த வருடம் அவர் உள்ளேயே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். அவர் இருப்பதே பாம்புகளுக்குத் தெரியவில்லை. ஆண், அவர் மடிமேல் ஏறி இறங்கிப் பெண்ணிடம் போனது. இரண்டும் வால் பின்னிக் கிடந்ததைப் பார்த்தபோது இப்போது சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை.

பெண் முட்டையிட்டது. முட்டைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு, மலைப்பாம்புகளின் வழக்கப்படி உடம்பை வெடவெடவென்று நடுக்கிச் சூடு உண்டாக்கியது. தண்ணீர் வைக்கப் போன காப்பாளரை நாக்கால் தொட்டுப் பார்த்தது. ஆறிப்போன முட்டை என்று நினைத்திருக்க வேண்டும், அவரையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. அவருக்கு விலகத் தோன்றவில்லை. கொக்கியோடு ஓடிவந்த ஊழியர்கள், முட்டை நசுங்கிவிடும் என்று திரும்பிப் போனார்கள். சாப்பாட்டை ஜன்னல் வழியே நீட்டினார்கள். மேலதிகாரி அந்த நாட்களை வேலை நாட்களாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார்.

மகள் லீவு போட்டு வந்து, கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். முட்டைகள் கீறல் விட்ட காலையில் பாம்பு பிடியைத் தளர்த்தியது. அவள் உள்ளே போய் அப்பாவின் கையைப் பிடித்தாள். சுட்டது. அவர் அவளை வெகுநேரம் பார்த்தார்.

"உங்கம்மா செத்துப்போயிட்டா, இல்ல?"

"ஆமாப்பா."

அவர் அழத் தொடங்கினார். சாயங்காலம்வரை அழுகை நிற்கவில்லை. குட்டிகளை எடுத்து எடைபோடும் வேலையை அன்று வேறொருவர் செய்தார்.