பதினோரு இஞ்சுப் புளியமரம்

கிட்ட வாங்க மக்கா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது சின்ன விஷயத்தைப் பற்றிய கதை, தள்ளி இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு புளியமரம், அதில் ஒரு பேய். இரண்டையும் சேர்த்து ஒரு தூக்குவாளிக்குள் வைத்து மூடிவிடலாம். பயப்படும்படி ஒன்றும் வராது. சிரிப்பு வந்தால் மட்டும் அடக்காதீர்கள், அடக்கினால் விக்கல் வரும்.

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரி சொர்ணாம்பாள் ஆச்சியும், கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கும் அவர் மகள் விஜயஸ்ரீயும். மாடியில் வாடகைக்கு முத்துராணியும் அவள் கணவன் குற்றாலலிங்கமும். அவன் பாபநாசம் போகிற பஸ்ஸில் கண்டக்டர். அவளுக்குக் கொக்கிரகுளத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை.

கொரோனா ஊரடங்கில் கடையும் ஓடவில்லை, பஸ்ஸும் ஓடவில்லை. முத்துராணி செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஜப்பானில் ஒரு கிழவர், அவர் மடியில் ஒரு தட்டு, தட்டில் ஒரு மரம். முந்நூறு வயதாம். உயரம் முழங்கை அளவு. அவ்வளவுதான், இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் ஒரு போன்சாய் வளக்கப் போறேன்" என்றாள்.

"கடை தொறந்ததும் ஒண்ணு வாங்கிருவோம்" என்றான் குற்றாலலிங்கம்.

"வாங்குனா அது வேற ஆளு வளத்தது. நான் கொட்டையில இருந்து வளப்பேன்."

"முந்நூறு வருசம் ஆவும்ங்கானே. அதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மெண்டு வந்துருமேளா."

புளிதான் சுலபமாக வளரும் என்று வீடியோ சொன்னது. புளிக்கு எங்கே போக? அடுக்களைக்குத்தான். எல்லா வீட்டையும் போல அவள் வீட்டிலும் வருஷத்துப் புளியைக் கல்லுப்புப் போட்டுப் பானையில் அமுக்கி வைத்திருந்தார்கள். அதில் துழாவி எட்டுக் கொட்டை பொறுக்கி, எட்டுச் சிரட்டையில் நட்டு, பதினைந்து நாள் தண்ணீர் தெளித்தாள். பதினாறாம் நாள் தோண்டிப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

"உப்புல ஒரு வருசம் கெடந்த கொட்டை எப்பிடிளா முளைக்கும்?" என்றான் குற்றாலலிங்கம். "நீ நட்டது விதை இல்ல, கருவாடு."

அடுத்த முறை எங்கிருந்தோ உப்புப் படாத கொட்டை கிடைத்தது. வெந்நீரில் ஊறவைக்கச் சொன்னார்கள். இவள் பயபக்தியோடு கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டாள். அவன் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, வெந்திருக்கிறது, உப்புத்தான் பத்தவில்லை என்றான்.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய வாரம், ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் ரோட்டோரப் புளியமரத்தடியில் குற்றாலலிங்கம் விசில் ஊதி வண்டியை நிறுத்தினான். இறங்கிப் பழம் பொறுக்கினான்.

"கண்டக்டரே, வண்டி என்னத்துக்கு நிக்கி?" என்று உள்ளேயிருந்து ஒருவர் கேட்டார்.

"இரும்வே. எம்பொண்டாட்டிக்கு மரம் வேணுமாம்."

"மரம் வேணும்னா மரத்தல்லா எடுக்கணும், நீரு பழத்தப் பொறுக்குதீரு?"

"அவ சின்னதுல இருந்து வளப்பாளாம்."

அது ஒரு மாதிரி எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. முகக்கவசத்தோடு பஸ்ஸே இறங்கிவிட்டது. டிரைவர் உட்பட அத்தனை பேரும் பொறுக்கினார்கள். அன்றைக்கு முத்துராணிக்கு ஒரு கட்டைப்பை நிறையப் புளியம்பழம் வந்து சேர்ந்தது.

இந்தத் தடவை நிதானமாகச் செய்தாள். கொட்டையின் ஒரு ஓரத்தை மட்டும் மாடித் தரையில் வெள்ளை தெரிகிறவரை தேய்த்தாள். பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டாள். ஆற்று மணலும் செம்மண்ணும் கலந்து, கொட்டையைப் படுக்கவைத்து மூடினாள். ஒன்பதாம் நாள் காலையில் ஒரு கழுத்து வளைந்து நின்றது, தலையில் இரண்டு பருப்பையும் தூக்கிக்கொண்டு. டியூட்டியில் இருந்தவனுக்குப் போன் போட்டாள்.

"வந்துட்டு" என்றாள்.

"யாரு, ஒங்க அம்மையா?"

"மரம்."

பஸ்ஸில் கைதட்டல் கேட்டது. அவன் போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான்.

மொத்தம் ஏழு முளைத்தன. இலை விட்டதும் ஆணிவேரைப் பாதியாக வெட்டவேண்டும், அப்போதுதான் மரம் தட்டில் அடங்கும். விஜயஸ்ரீ மாடிக்கு வந்து முறையைச் சத்தமாக வாசிக்க, முத்துராணி நகவெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் என்ன ஆகும்? ஐந்து செத்தன. ஆறாவதை அணில் கொண்டுபோயிற்று. மிஞ்சியது ஒன்று.

அந்த ஒன்றை அவள் படுத்தாத பாடில்லை. மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுக்கும் கடையில் கொஞ்சம் கம்பி வாங்கிக் கிளையைச் சுற்றினாள். இறுக்கிவிட்டதில் பட்டையில் தழும்பு விழுந்தது. அழுதாள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தத் தழும்புதான் கிழமரத்துச் சுருக்கம் மாதிரி அழகாக இருக்கிறது. மூன்றாம் வருஷம் உச்சியை அதிகமாக வெட்டிவிட்டாள். வெட்டிய இடம் காய்ந்து, அரை விரல் நீளத்துக்குச் செத்த கட்டையாக நின்றுவிட்டது. அதற்கும் அழுதாள். பக்கத்திலிருந்து புதுக் கிளை கிளம்பி மேலே போயிற்று.

ஐந்து வருஷத்தில் மரம் பதினோரு இஞ்சு. அடிமரம் கட்டைவிரல் தடிமன். கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிற ஆளைப் போல ஒரு பக்கம் சாய்ந்து, மேலே குடை விரித்து, தம்மாத்துண்டு இலைகளோடு நிற்கும். முத்துராணி தினமும் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பாள்.

சொர்ணாம்பாள் ஆச்சி அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. முட்டுவலி, படி ஏற முடியாது. போன சித்திரையில் முட்டுக்கு ஆபரேஷன் நடந்தது. ஆவணியில் ஆச்சி முதல்முறையாக மாடி ஏறினார், மோர்மிளகாய் காயப்போட. சாயங்காலம் அள்ளப் போனவர், தட்டில் நின்ற செடி ஒவ்வோர் இலையாகக் கூப்பிக்கொண்டு வருவதைப் பார்த்தார்.

"என்ன செடிளா இது? தொட்டாச்சிணுங்கியா?"

"புளியமரம் ஆச்சி. சாயங்காலம் ஆனா எலைய மூடிக்கிடும்."

மோர்மிளகாய் மாடி முழுக்க உருண்டது.

"வீட்டுக்கு மேலயே புளியமரமா? பேயி குடியிருக்கிற மரமாச்சே. எம்மவளுக்கு மூணு எடம் வந்து மூணும் தட்டிப்போச்சு. எல்லாம் இந்த அஞ்சு வருசத்துல. ஏன்னு இப்பம்லா தெரியுது."

"எம்மா, மூணும் நான் வேண்டாம்னு சொன்னது" என்றாள் விஜயஸ்ரீ.

"ஒன்னைய அப்பிடிச் சொல்ல வச்சது யாரு?"

ஆச்சி முடிவாகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை ஆழ்வார்குறிச்சியில இருந்து பொண்ணு பாக்க வாராவ. அதுக்குள்ள ஒண்ணு மரம் போவணும், இல்லன்னா நீங்க போவணும்."

முத்துராணி தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மரத்தை எங்கே கொண்டு வைப்பாள்? தரையில் நட்டால் அது ரோட்டுப் புளி ஆகிவிடும். யாரிடமாவது கொடுத்தால் இரண்டு நாள் தண்ணீர் விட மறப்பார்கள், காய்ந்துவிடும்.

விஜயஸ்ரீதான் மெதுவாக ஆரம்பித்தாள். "எம்மா, பெரிய பேயி இதுல எப்பிடி உக்காரும்? கெளை முறிஞ்சிராது?"

"மரத்துக்குத் தக்கன பேயி இருக்கும்."

"அப்பம் எத்தூண்டு இருக்கும்?"

ஆச்சி அதுவரை யோசித்துப் பார்க்காத கேள்வி. அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. மறுநாள் ஆளனுப்பி அருணாசலத்தை வரவழைத்தார்.

அருணாசலம் பேய் விரட்டுகிறவர். சந்தைக்குப் பக்கத்தில் இரும்புக்கடையும் வைத்திருக்கிறார். அதனால் ஆணிக்கு வெளியே அலையவேண்டியதில்லை. பேய் பிடித்தவர் உச்சிமுடியை எடுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவார், பேய் அங்கேயே நின்றுவிடும். அது அவர் முறை. வியாழக்கிழமை வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு உட்கார்ந்து சுற்றினார். கடைசியில் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார்.

"ஆச்சி, ஆளுகிட்ட இருந்து எறக்கி மரத்துல ஏத்துவேன். ஏற்கெனவே மரத்துல நிக்கிறத எங்கன ஏத்த?"

"அப்பம் ஒண்ணும் செய்ய முடியாதாவே?"

"கீழ எறங்காம கட்டிப்போடலாம்." பையிலிருந்து பொட்டலத்தை அவிழ்த்தார். ஆறு இஞ்சு ஆணி மரத்தில் பாதிக்கு மேல் இருந்தது. நாலு இஞ்சு, இரண்டு இஞ்சு, ஒரு இஞ்சு. ஒவ்வொன்றாக அடிமரத்தோடு வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒவ்வொரு ஆணிக்கும் முத்துராணி ஒரு முறை செத்துப் பிழைத்தாள்.

"எதை அடிச்சாலும் பொளந்துரும்" என்றார். பிறகு அளவுநாடாவை எடுத்தார். "பதினோரு இஞ்சு. ரோட்டுப் புளி அறுவது அடி, அதுல நிக்கிறது ஆறு அடி. பத்துல ஒரு பங்கு. அப்பம் இது..."

"ஒண்ணு புள்ளி ஒண்ணு" என்றாள் கணக்கு டீச்சர்.

"ஒரு இஞ்சுன்னு வையிங்க."

ஆச்சி தன் கட்டைவிரலை மடக்கி முதல் கணுவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தூண்டா?" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

விஜயஸ்ரீ கீழே ஓடி, பரீட்சைத் தாள் கட்டிலிருந்து ஒரு குண்டூசி எடுத்துவந்தாள். அருணாசலம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்தியானார்.

"அண்ணாச்சி, பச்சை மரத்துல வேண்டாம்" என்று முத்துராணி கும்பிட்டாள். "இங்கன ஒரு செத்த கட்டை இருக்கு. இதுல குத்துங்க."

"பைய குத்தும்வே" என்றார் ஆச்சி. "பச்சப்பிள்ளையா இருந்துரப் போவுது."

அருணாசலம் தொழிலில் முதல்முறையாக மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால், பைய குத்தினார். மூன்றாம் வருஷத்துப் பிழை அன்றைக்கு மரத்தைக் காப்பாற்றியது.

ஆனாலும் வெள்ளிக்கிழமை முடியட்டும், சம்பந்தம் தட்டிப்போனால் மரமும் போகும் என்றார் ஆச்சி. வந்தவர்கள் கண்ணில் படாமல் கூடை போட்டு மூடச் சொன்னார். முத்துராணி மூடிவிட்டு, தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் காவலுக்கு உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளை குருபிரசாத், அவன் அம்மா கோமு, இருவரும்தான் வந்தார்கள். கேசரி ஆயிற்று, காப்பி ஆயிற்று. "புள்ளைக ரெண்டு வார்த்தை தனியா பேசிக்கிடட்டும்" என்றார் கோமு. அந்த வீட்டில் தனியாகப் பேச மாடியைத் தவிர வேறு இடம் இல்லை. ஆச்சி முந்தானையைப் பிசைந்தார்.

இருவரும் மாடி ஏறிச் சுவரோரமாக நின்றார்கள். பிறகு குருபிரசாத் கேட்டான், "கூடைக்குள்ள என்ன, கோழியா?"

விஜயஸ்ரீ கூடையைத் தூக்கினாள். அந்தி வெளிச்சம். மரம் இலைகளைக் கூப்பிக்கொண்டிருந்தது. அவன் குனிந்தான்.

"புளிதானே? இந்தக் குண்டூசி எதுக்கு?"

"பேய் இருக்கு. எங்கம்மா கட்டிப்போட்டிருக்காவ." அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். பயந்தால் இந்த மாப்பிள்ளை வேண்டாம், அம்மாவைக் கேலி செய்து சிரித்தாலும் வேண்டாம்.

அவன் பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கிளைகளுக்கு நடுவே கூர்ந்து பார்த்தான். "எத்தூண்டு?" என்று கேட்டான்.

தொட்டிக்குப் பின்னால் முத்துராணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"ஒரு இஞ்சு" என்றாள் விஜயஸ்ரீ.

"பாவம். ஒத்தையிலயா இருக்கு?" அவன் நிமிர்ந்தான். "இன்னொரு கொட்டை போட்டா தொணைக்கு ஆவும்லா?"

விஜயஸ்ரீ படியை இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கி, "எம்மா, சரின்னு சொல்லு" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இப்படிச் சொல்லலாமா என்று ஆச்சி திகைத்து நிற்க, கோமு இன்னொரு கரண்டி கேசரி போட்டுக்கொண்டார். மேலே குருபிரசாத் தொட்டியை நோக்கி, "அங்கன உக்காந்திருக்கிற யக்கா, கொட்டை இருந்தா ஒண்ணு தாங்களேன்" என்றான். கட்டைப்பையில் மிச்சம் இன்னும் இருந்தது.

மறுநாள் காலையில் ஆச்சி கைப்பிடியைப் பிடித்து மாடி ஏறினார். மரத்தடியில் ஒரு சிட்டிகை கேசரியை வைத்தார்.

"ஆச்சி, எறும்பு வரும். வேருக்கு ஆவாது" என்றாள் முத்துராணி.

"நீ உம்மரத்தப் பாரு. நான் எம்பிள்ளையப் பாக்கேன்." திரும்பி நடந்தவர் நின்றார். "அந்த ஊசியையும் எடுத்துருளா. அது எங்கயும் போவாது."

முத்துராணி பைய எடுத்தாள். மரம் இன்றைக்கும் அங்கேயே நிற்கிறது. எறும்பும் நிற்கிறது.

போய்வாங்க மக்கா. உங்கள் வீட்டில் நட்டதெல்லாம் முளைக்கட்டும், உப்பில் கிடந்தது கூட. பெண்ணுக்கும் பையனுக்கும் சிரிக்கத் தெரிந்த துணை அமையட்டும். அடுக்களையில் கேசரிக்கு நெய் குறையாமல் இருக்கட்டும். பேயே குடிவந்தாலும் அது ஒரு இஞ்சுக்கு மேல் வளராமல், உங்கள் பிள்ளைகளோடு பிள்ளையாக உங்கள் கையால் ஒரு வாய் தின்று, நல்லபடியாக இருக்கட்டும்.