லிஃப்ட்காரரின் அண்ணன்

லிஃப்ட் மெக்கானிக் அன்று காலை மருத்துவமனைப் படிவத்தில் ஒரு பொய் எழுதினார். 'உடன் வந்தவர்' என்ற இடத்தில், 'அண்ணன், வெளியே இருக்கிறார்.' யாருமில்லை என்று எழுத வெட்கம் பிடுங்கித் தின்றது.

மொட்டைத் தலை அசையாமலிருக்க அதில் ஒரு வளையத்தைத் திருகி, அவரை ஸ்கேன் குழாய்க்குள் தள்ளிவிட்டு, எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மூளையின் ரத்தக்குழாய்கள் மகா கறார். நல்ல மருந்தைக்கூட உள்ளே விடுவதில்லை. அதனால் ரத்தத்தில் நுண்குமிழிகளை ஏற்றி, ஒலியலையால் அவற்றை அதிரவைத்து, மூளையில் கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துவார்கள். அது சில மணி நேரம்தான் தளர்ந்திருக்கும். அதற்குள் மருந்து போயாக வேண்டும்.

கையில் ஒரு பொத்தான் கொடுத்திருந்தார்கள். தாங்க முடியாவிட்டால் அழுத்தலாம், எல்லாம் நின்றுவிடும்.

அழுத்தினார்.

"என்னங்க, வலிக்குதா?" காதில் டெக்னீஷியன் பெண்ணின் குரல்.

"இல்லம்மா, லேசா குளிருது."

சற்று நேரத்தில் மறுபடி அழுத்தினார். வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தக் குரல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மனைவி போனபின் வீட்டில் அவரை 'என்னங்க' என்று கேட்க ஆளில்லை. சும்மா அவசர மணியை அழுத்துகிறவர்களை முப்பது வருடம் வாய்க்கு வந்தபடி திட்டிய லிஃப்ட் மெக்கானிக் இவர்!

இம்முறை டாக்டரே பேசினார். "குமிழிங்க சில நிமிஷம்தான் தாங்கும். இன்னொரு தடவை நிறுத்தினா இன்னைக்கு அவ்வளவுதான். அடுத்த மாசம்தான்."

கட்டி அடுத்த மாதம்வரை சும்மா இருக்காது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கட்டைவிரல் பொத்தானை விட்டு நகரவில்லை.

"இருங்க, உங்க அண்ணனைக் கூட்டிட்டு வந்து மைக்ல பேசச் சொல்றேன்," என்றாள் டெக்னீஷியன்.

இதோ மாட்டிக்கொண்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டார். அவள் திரும்பிவர வெகுநேரம் ஆனது போலிருந்தது.

"அண்ணன் டீ குடிக்கப் போயிருக்காருங்க. வர்ற வரைக்கும் நான் பேசுறேன். நீங்க லிஃப்ட் ரிப்பேர் பண்றவராமே? எங்க வீட்டு லிஃப்ட் மூணாவது மாடியில மட்டும் நிக்க மாட்டேங்குது. ஏன்னு யோசிச்சு வைங்க. இப்ப வாயைத் திறக்கக் கூடாது."

அவர் யோசித்தார். சுவிட்சிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்தார். கட்டைவிரல் தானாக விலகியது.

"முடிஞ்சுதுங்க. நல்லா தளர்ந்திருக்கு. மருந்து ஏறுது. இனி பேசலாம்."

"அம்மா," என்றார். "எனக்கு அண்ணனே கிடையாது."

"தெரியுங்க. அந்த மூணாவது மாடிக்கு என்ன கேடு, அதைச் சொல்லுங்க."