இஞ்சின்காரரின் குளியலறை

மாடியில் வாஷிங் மெஷின் தன் அழுக்குத் தண்ணீரைக் கக்கிய அதே நேரத்தில், கீழே இஞ்சின்காரரின் குளியலறைத் தரையில் இருந்த சல்லடை மூடி களக் களக்கென்று சத்தம் போட்டது. அடுத்த நொடி அதன் வழியாகக் கறுப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. பார்த்ததோடு திரும்பிப் போயிருந்தால் தேவலை. குளியலறையை நிரப்பி, நிலைப்படியைத் தாண்டி, அவருடைய அறைக்குள் வந்து, கம்பளத்தை நனைத்து, துணி அலமாரியின் காலடியில் போய்த் தேங்கி நின்றது. நாற்றத்தைப் பற்றி விவரமாகச் சொன்னால் நீங்கள் இங்கேயே எழுந்து போய்விடுவீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

தெருவில் எல்லாரும் அவரை இஞ்சின்காரர் என்றுதான் சொல்வார்கள். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகன் வீட்டில் கீழ் அறை அவருக்கு என்று ஆனது. தான் ஓட்டிய இஞ்சினைப் பற்றி இரண்டு விஷயங்களை அவர் யாரைப் பார்த்தாலும் சொல்வார். ஒன்று, ஓட்டுநரின் காலடியில் ஒரு மிதி இருக்கும். அதை அடிக்கடி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிதிக்காவிட்டால், ஆள் தூங்கிவிட்டான் அல்லது போய்ச் சேர்ந்துவிட்டான் என்று வண்டி தானாக நின்றுவிடும். இன்னொன்று, இஞ்சினுக்குள் கழிப்பறை கிடையாது. அடுத்த பெரிய ஸ்டேஷன் வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அந்த உத்தியோகத்தில் பாதி என்பார். தான் சொன்னால்தான் அது வரும் என்று பெருமை வேறு.

அந்தப் பெருமைக்கு யார் கண் பட்டதோ, புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு அது அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஒரு தும்மல் போதும். நாற்காலியை விட்டு வேகமாக எழுந்தால் போதும். டாக்டரிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். மகனிடமும் அதையே சொன்னார். அதன் பிறகு குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, நனைந்ததை அலசி, உடம்பை ஈர டிஷ்யூவால் துடைத்து, டிஷ்யூவைக் கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீரை இழுத்து விடுவது அன்றாட வேலையாகிப் போனது. கழிப்பறையில் போடலாம் என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது. அந்தக் குளியலறையில் குப்பைக் கூடையும் கிடையாது. கூடை சமையலறையில் இருந்தது. கையில் அதைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஹாலைத் தாண்டிப் போவதைவிடச் சாவதே மேல் என்று அவருக்குத் தோன்றியது.

டிஷ்யூ பாக்கெட் மட்டும் தீர்ந்ததே இல்லை. கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டில், பழையது மெலியத் தொடங்கியதும் பக்கத்தில் புதிது ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். சோப்பு, பற்பசையோடு சேர்த்து மகன் மொத்தமாக வாங்குகிறான் போல என்று நினைத்துக்கொண்டார். கேட்கப் போய் வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று கேட்கவில்லை.

ஆகையால் சல்லடை மூடி களக்கென்றதுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மகன் ஓடி வந்தான். நல்லவன்தான், வாய்தான் முந்திக்கொள்ளும். கால்சட்டையை மடித்து விடுவதற்கு முன்பே போனை எடுத்து அறையை நாலு பக்கமும் படம் பிடித்துக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டான். அத்தைமார்களும் சித்தப்பாக்களும் அழுகிற முகங்களை அனுப்பினார்கள். பிறகு மனைவி பக்கம் திரும்பினான். பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதே, ஊற்றாதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டதாகவும், இன்று பாவம் அப்பாவின் அறைக்குள் சாக்கடை வந்து நிற்பதாகவும் கத்தினான். தான் ஊற்றுவதில்லை, காகிதத்தால் துடைத்துக் குப்பையில்தான் போடுவதாக அவள் ஒரு தரம் சொன்னாள். அவன் காதில் அது விழவில்லை. அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள்; நாள் முழுக்க மற்றவர்கள் பார்வையைச் சரிபார்த்துவிட்டு வந்து வீட்டில் இவனோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. வாளியை எடுக்கப் போனாள்.

அவள் சொன்னது உண்மை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடி, அவள் வாணலியைக் காகிதத்தால் துடைப்பதை இஞ்சின்காரர் தினமும் பார்க்கிறார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். எண்ணெய் இல்லையென்றால் வேறு என்ன என்று அடுத்த கேள்வி வருமே. வாயை மூடிக்கொண்டார். நாற்றத்தைவிட அது அவருக்கு அதிகம் குமட்டியது.

அடைப்பு எடுக்கும் குழாய்க்காரரும், சுத்தம் செய்யும் பெண் ஒருத்தியும் வேனில் வந்து இறங்கினார்கள். குழாய்க்காரர் பருத்த மனிதர், ஓயாத பேச்சு. வந்ததும் வராததுமாக, வீட்டில் யாரும் ஒரு குழாயைக்கூடத் திறக்கக் கூடாது, மெஷினை நிறுத்து, கீழ் அறைக்குப் போகும் கரண்டை அணை, வாளியோடு யாரும் உள்ளே இறங்க வேண்டாம் என்று அடுக்கினார். வெளியே போய் வாசல் பக்கம் இருந்த சாக்கடைத் தொட்டி மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார். உள்ளே காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் தெருவில் குற்றமில்லை, அடைப்பு வீட்டுக்கும் இந்தத் தொட்டிக்கும் நடுவில்தான் என்றார். மாடியில் விட்ட தண்ணீர் வெளியேற வழியில்லாமல் திரும்பி, வீட்டிலேயே தாழ்வான வாயைத் தேடி வந்திருக்கிறது. அந்த வாய் பெரியவரின் குளியலறையில் இருக்கிறது. இஞ்சின்காரர் ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் முழங்கால்வரை பூட்ஸும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, உறிஞ்சும் இயந்திரத்தைக் கீழ் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். கறுப்புத் தண்ணீர் குறைந்தது. கம்பளத்தைச் சுருட்டிப் பெரிய பையில் திணித்தாள். அலமாரியின் அடிப்பலகை ரொட்டியைப் போல ஊதியிருந்தது. ஊறிய மரத்தூள் பலகையைக் கழுவிப் பயனில்லை, தூக்கி எறிய வேண்டியதுதான் என்றாள். மேல் தட்டில் இருந்த அவருடைய சட்டைகளை மட்டும் அடுக்குக் கலையாமல் வெளியே எடுத்து வந்து கொடுத்தாள். பாவம், உங்க ரூமுக்கா வரணும் என்று அவள் சொன்னபோது அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெளியே ஸ்பிரிங் கம்பி குழாய்க்குள் நுழைந்து கடகடவென்று சுற்றியது. எங்கோ முட்டியது. குழாய்க்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். வந்தது.

குழாய்க்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியே வந்ததை வீட்டிலிருக்கும் எல்லாரும் கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. காட்டாமல் போனால் அதே வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வருகிறது என்பார். பெரிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் அதைப் பரப்பி, பின் வாசலில் வைத்துவிட்டு, எல்லாரையும் கூப்பிட்டார்.

இஞ்சின்காரர் கடைசியாக வந்தார். அழுக்குக் கயிறு போல முறுக்கிக்கொண்டு, வெள்ளைப் பிசுக்கு ஒட்டி, நாலைந்து மாதத்து ரகசியம் அந்தத் தட்டில் கிடந்தது. மகன் பிசுக்கைச் சுட்டிக்காட்டி, எண்ணெய்தான் என்று மனைவியைப் பார்த்தான்.

"எண்ணெய் எந்த வீட்டுலதான் இல்ல? தட்டு கழுவுனாலே கொஞ்சம் போகும்," என்றார் குழாய்க்காரர். "ஆனா அது தங்கறதுக்கு ஒரு இடம் வேணுமில்ல? இடம் குடுத்தது இந்த ஈர டிஷ்யூ."

இரண்டு தம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கினார். ஒன்றில் சாதாரணக் கழிப்பறைக் காகிதத்தைப் போட்டுக் கலக்கினார், கஞ்சியாகக் கரைந்தது. மற்றதில் தன் வேனில் வைத்திருந்த புது டிஷ்யூ ஒன்றைப் போட்டு விடாமல் கலக்கினார். அது கொஞ்சமும் அசராமல் சுற்றி வந்தது.

"கழிப்பறையில போடலாம்னு எழுதியிருக்கான். போடலாம். கிணத்துல கல்லக்கூடத்தான் போடலாம்," என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, "யாருங்க இத உபயோகிக்கறது? அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்," என்றார்.

இஞ்சின்காரரின் காது அடைத்துக்கொண்டது.

"நான்தான்," என்றாள் மருமகள். "மேக்கப் கலைக்கறதுக்கு."

மேக்கப்பாவது. கல்யாணத்தன்று போட்டுவிட்டதையே அரிக்கிறது என்று பாதியில் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவள் அவள். ஆனால் கோபத்தில் இருப்பவனுக்கு அதெல்லாம் நினைவு வருமா. உன் முகப்பூச்சுக்காக என் அப்பா சாக்கடையில் நிற்க வேண்டுமா என்று மகன் ஆரம்பித்துவிட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டு தம்ளரையே பார்த்தாள். மாமனார் பக்கம் அவள் கண் தப்பித் தவறிக்கூடத் திரும்பவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவளுக்குத் தெரியும். வெகு நாளாகவே தெரியும்.

சும்மா நின்றால் போதும், தப்பித்துவிடலாம். வழியை அவளே போட்டுக் கொடுத்துவிட்டாள். ஆனால் வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டாத மனிதர் அவர்.

"நிறுத்துடா," என்றார். "அது என்னோடது."

"எதுப்பா?"

"டிஷ்யூ. ஆபரேஷன் ஆனதுல இருந்து எனக்கு அடக்க முடியல. நான்தான் போட்டேன், அவ இல்ல. எண்ணெயும் அவ ஊத்தறதில்ல. தினம் பாக்கறேன். காலையிலயே சொல்லியிருக்கணும், வாய் வரல."

குழாய்க்காரரின் ஓயாத வாய் முதல் தடவையாக ஓய்ந்தது. தொட்டி மூடியைச் சரியாகப் போட்டோமா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, சுத்தம் செய்யும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். மூடி போட எதற்கு இரண்டு பேர் என்று யாரும் கேட்கவில்லை.

மகன் திருதிருவென்று விழித்தான். "என்கிட்ட ஏம்பா சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா சாயந்திரத்துக்குள்ள குரூப்ல வந்திருக்கும்."

போன் அப்போதும் அவன் கையில்தான் இருந்தது. அதைச் சட்டைப்பைக்குள் போட்டான். கண் கலங்கியதை மறைக்க மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு, யாரும் சொல்லாமலே அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு வேன் பக்கம் நடந்தான்.

பின் வாசலில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"பாக்கெட்ட வாங்கி வெச்சது நீயாம்மா?"

"ஆமா மாமா. கதவுக்குப் பின்னால அலசின துணி தொங்கறதப் பாத்தேன். கூடையும் ஒண்ணு வெக்கலாம்னுதான் இருந்தேன். வெச்சா, எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். அதான் வெக்கல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தர் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை, இன்னொருத்தர் வெட்கப்படுவாரே என்று வாய் திறக்கவில்லை. இரண்டு பேருடைய மரியாதையும் சேர்ந்து குழாயை அடைத்துக்கொண்டது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"நீங்க கேட்டீங்களா மாமா, அன்னைக்கு?"

எந்த நாள் என்று அவருக்கு விளக்கத் தேவையில்லை. அவளுக்கு முதலில் தங்கிய கரு கலைந்த நாள். மகன் வெளியூரில் இருந்தான். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது, கறைபட்ட விரிப்பெல்லாம் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மெத்தையைத் திருப்பிப் போட்டிருந்தது. மாமனார் ஹாலில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க ஒண்ணுமே கேக்கல. அன்னைக்கு எனக்கு அது எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா? அதையேதான் நானும் உங்களுக்குச் செய்யறேன்னு நெனச்சேன்," என்றாள்.

"கேக்கணும்னுதாம்மா இருந்தேன்," என்றார். "எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. பேப்பர்ல ஒரு வரிகூடப் படிக்கல."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "எனக்கும் எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியல மாமா," என்றாள்.

சுத்தம் செய்யும் பெண் திரும்பி வந்து அறை முழுக்க மருந்து அடித்து, அது ஊறும்வரை காத்திருந்து துடைத்தாள். சுவரின் அடியில் ஈரம் ஏறிய பலகைப் பட்டையை அறுத்து எடுத்தாள். பெரிய மின்விசிறிகளும் ஈரம் இழுக்கும் பெட்டியும் சில நாள் இரவு பகலாக இரைந்துகொண்டே இருந்தன. இஞ்சின்காரர் அதுவரை ஹாலில் படுத்தார். இஞ்சின் சத்தம் மாதிரியே இருக்கிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது என்றார். அவரைத் திரும்பவும் டாக்டரிடம் அழைத்துப் போன மகன், உள்ளே நடந்ததை யாரிடமும் மூச்சு விடவில்லை. குரூப்பில் யாரோ என்ன ஆனது என்று கேட்டதற்கு, குழாய் சரியாகிவிட்டது என்று மட்டும் எழுதினான்.

சுவர் காய்ந்துவிட்டது என்று அந்தப் பெண் ஈரம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகு அவர் தன் அறைக்குத் திரும்பினார். குளியலறையில், கண்ணாடிக்குக் கீழே, மூடி போட்ட புது டப்பா ஒன்று இருந்தது. அடியில் ஒரு மிதி. காலால் மிதித்தார். மூடி திறந்தது. காலை எடுத்தார். மூடிக்கொண்டது. இன்னொரு தரம் மிதித்துப் பார்த்தார்.

பிறகு தட்டைப் பார்த்தார். பாக்கெட் காலியாக இருந்தது. பக்கத்தில் புதிது எதுவும் இல்லை. அவள் மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். தாழ்ப்பாளை விலக்கி, கதவைக் கொஞ்சம் திறந்து, வீடு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"அம்மாடி, டிஷ்யூ தீந்துபோச்சும்மா."

"இதோ மாமா," என்று பதில் வந்தது. மாடிப்படியில் திடுதிடுவென்று இறங்கி வந்தது மகன்தான். கதவு இடுக்கு வழியாகப் பாக்கெட்டை நீட்டினான். வாங்கிக்கொண்டார்.